ரீல்ஸ், ஷார்ட்ஸ் வீடியோக்களை எக்ஸ்போர்ட் செய்வது எப்படி?

கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஜவுளிக் கடை என்று வைத்துக் கொள்வோம். புதிதாக வந்த சேலைகளை மொபைல் போனில் வீடியோ எடுக்கிறார்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் வேண்டாததை வெட்டி, விலையையும் போன் நம்பரையும் எழுதி இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். மானிட்டரில் பார்க்கும்போது சரிகை பளிச்சென்று இருந்தது. போட்ட பிறகு பார்த்தால் சரிகை மங்கிக் கிடக்கிறது. நம்பரில் 3 எது, 8 எது என்று புரியவில்லை. சேலை வாங்க நினைத்தவர் யாருக்கோ போன் அடிக்கிறார்.

இதற்குக் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. வீடியோ எந்த வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்தது, எடிட்டிங் முடிந்து எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தியபோது எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டு வந்தது. யூடியூப் ஷார்ட்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது; அதை முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். நீங்கள் அனுப்பும் பைல் அப்படியே பார்ப்பவருக்குப் போவதில்லை. அவர்கள் அதைத் தங்கள் சர்வரில் மறுபடியும் சுருக்கி, பல அளவுகளில் பைல்களைத் தயாரித்து வைக்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்ததையே மீண்டும் ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். முதல் பிரதி மங்கலாக இருந்தால் இரண்டாவது இன்னும் மோசமாகும். நம் வேலை, நல்ல முதல் பிரதியைக் கொடுப்பது.

வாட்ஸ்அப் வழியாக வேண்டாம்

கெட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. போனில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து எடிட் செய்கிறார்கள். வாட்ஸ்அப் வீடியோவை நன்றாகச் சுருக்கிவிட்டுத்தான் அனுப்பும். போன நுணுக்கத்தை எந்த சாப்ட்வேரும் திருப்பித் தராது. யு.எஸ்.பி. கேபிளில் போனை இணையுங்கள். போன் திரையில் வரும் அறிவிப்பில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் போனைத் திறந்து, டி.சி.ஐ.எம். போல்டரில் உள்ள கேமரா போல்டரிலிருந்து பைலை காப்பி செய்யுங்கள். கேபிள் இல்லை, வாட்ஸ்அப்தான் வழி என்றால் வீடியோவாக அனுப்பாமல் டாகுமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள். அப்போது பைல் சுருங்காது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பைல் மீது ரைட் கிளிக் செய்து புராபர்ட்டீஸ் திறந்து, டீடெய்ல்ஸ் டேபுக்குப் போங்கள். பிரேம் அகலம், உயரம், ஒரு வினாடிக்கு எத்தனை பிரேம், டேட்டா ரேட் எல்லாம் அங்கே இருக்கும். 1080, 1920 என்ற எண்கள் தெரிந்தால் சரி. நிற்க வைத்து எடுத்த வீடியோவுக்குக்கூடச் சில சமயம் அகலம் 1920, உயரம் 1080 என்று காட்டும். பயப்பட வேண்டாம். போன் படத்தைப் படுக்கையாகப் பதிந்து, 'திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பையும் பைலில் எழுதி வைக்கிறது, அவ்வளவுதான். எண்கள் இவற்றைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஒரிஜினல் பைலைத் தேடுங்கள்.

அளவும் பிரேமும்

எக்ஸ்போர்ட் அளவு 1080 × 1920. இது 9:16 விகிதம். போன் திரையை நிறைக்கும். 1080 அளவில் எடுத்ததை 4கே ஆக்கினால் சேலையில் இல்லாத நூலிழை வந்துவிடாது, பைல்தான் பெருக்கும். போனைப் படுக்க வைத்து எடுத்த வீடியோவை நெட்டையாக வெட்டுவதும் நஷ்டமே. 1920 பிக்ஸல் அகலத்தில் நமக்கு மிஞ்சுவது சுமார் 607 பிக்ஸல். அதை 1080 ஆக இழுத்தால் மங்காமல் என்ன செய்யும்? எடுக்கும்போதே போனை நிமிர்த்திப் பிடியுங்கள்.

போனில் வினாடிக்கு 30 பிரேம் எடுத்திருந்தால் எக்ஸ்போர்ட்டிலும் 30தான். நம் நாட்டு டிவி முறை 25 பிரேம் என்பதால் சிலர் 25 வைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வினாடியிலும் 5 பிரேம் உதிர்ந்து, காட்சி தட்டித் தட்டி ஓடும். கடை விளக்கொளியில் வரிவரியாக ஓடும் நிழல் வேறு விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில டியூப் லைட்டுகளும் எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். எடுக்கும்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அடங்கும். எக்ஸ்போர்ட்டில் அதற்கு மருந்தில்லை.

பிட்ரேட்

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு வினாடி காட்சிக்கு எவ்வளவு டேட்டா செலவழிக்கலாம் என்பதே பிட்ரேட். வீடியோவைச் சுருக்கும்போது ஒவ்வொரு பிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய பிரேமிலிருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். மேஜையில் விரித்த சேலையை அசையாமல் எடுத்தால் மாற்றம் குறைவு. கொஞ்சம் டேட்டா போதும். மழை பெய்யும்போது நந்திவரம் ஏரியை எடுத்துப் பாருங்கள். தண்ணீரின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பிரேமிலும் மாறும். அதே பிட்ரேட்டில் சேலை நன்றாக இருக்கும், ஏரி கட்டம் கட்டமாக உடையும்.

1080 அளவு வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 30 பிரேம் என்றால் 8 மெகாபிட், 60 பிரேம் என்றால் 12 மெகாபிட். 30 பிரேமுக்கு நான் 10 வைக்கச் சொல்வேன். மழை, கூட்டம், ஓடும் வண்டிகள் என்றால் 15. கணக்கும் எளிது: 10 மெகாபிட் வீதம் 30 வினாடிக்கு 300 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுத்தால் 37.5 எம்.பி. இதையே 50 மெகாபிட் வைத்தால் 187.5 எம்.பி. ஆகும். எப்படியும் அவர்கள் மறுபடி சுருக்கப் போகிறார்கள். உங்கள் இன்டர்நெட் டேட்டாதான் வீண்.

இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட் சாப்ட்வேரில் இதைச் செய்து பார்க்கலாம். செட்டிங்ஸ் மெனுவில் வீடியோ மோட் பகுதிக்குச் சென்று வெர்டிகல் ஹெச்டி 30 எப்பிஎஸ் என்பதை முதலிலேயே தேர்ந்தெடுங்கள். எடிட்டிங் முடிந்ததும் எக்ஸ்போர்ட் கிளிக் செய்து, அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தவும். பார்மட் எம்பி4, வீடியோ கோடெக் ஹெச்.264, ரேட் கன்ட்ரோல் ஆவரேஜ் பிட்ரேட் என்று வைத்து, பிட்ரேட்டில் 10 மெகாபிட் கொடுங்கள். ஆடியோவுக்கு ஏஏசி, 48000 ஹெர்ட்ஸ். ஹெச்.265 பைலைச் சிறிதாக்கும் என்றாலும் சில பழைய கம்ப்யூட்டர்களில் ஓடாது. புதியவர்களுக்கு ஹெச்.264 போதும்.

எழுத்துக்குச் சிவப்பு வேண்டாம்

விலையைச் சிவப்பில் எழுதுவது கடைக்காரர்களின் பழக்கம். வழக்கமான வீடியோ பைலில் வெளிச்சம் முழு அளவில் பதிவாகிறது. நிறமோ நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி அளவில்தான் பதிவாகிறது. அதனால் கருநீலச் சேலை மேல் சிவப்பு எழுத்தின் ஓரம் கசியும். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு என்றால் இரண்டாவது சுருக்கலையும் தாங்கி நிற்கும். எழுத்தைப் பெரிதாக வையுங்கள். திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் லைக், கமென்ட் பட்டன்களும் பெயரும் வந்து உட்காரும். போன் நம்பரை அங்கே எழுதினால் மறைந்துவிடும். திரையின் நடுவே போடுங்கள்.

ஐபோனில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்.டி.ஆர். வீடியோ என்ற வசதி இயங்கிக் கொண்டிருந்தால், எடிட் செய்த வீடியோ சில சமயம் வெளுத்துப் போகும். போனின் செட்டிங்ஸில் கேமரா பகுதிக்குப் போய் அதை நிறுத்திவிட்டு எடுங்கள்.

முடித்த பைலைப் போனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. இன்ஸ்டாகிராம் தளத்தை கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்தே வீடியோ போடலாம். யூடியூபிலும் அப்படியே, 2024 அக்டோபர் முதல் 3 நிமிடம் வரையுள்ள நெட்டை வீடியோ ஷார்ட்ஸாகத்தான் போகும். போனிலிருந்துதான் போடுவேன் என்றால், கேபிளில் காப்பி செய்து கொண்டு, இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் உயர்ந்த தரத்தில் அப்லோட் செய்யும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடவும்.