ஒரே இணைப்பு, நான்கு பேர்: வீட்டு இணையப் பகிர்வை வகுப்பறைப் பாடமாக்குதல்

நம் மாணவர்களின் வீடுகளில் இன்று இணையம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. பெரும்பாலும் அது அப்பாவின் கைபேசியில் இருக்கும். சில வீடுகளில் அண்ணனோ அக்காவோ வைத்திருக்கும் மடிக்கணினியும் சேர்ந்துகொள்ளும். அந்த ஓர் இணைப்பைத்தான் வீட்டிலுள்ள மூன்று பேரோ நான்கு பேரோ பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் அது எப்படிப் பகிரப்படுகிறது, ஏன் வேகம் குறைகிறது, ஏன் மாலைக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. விளங்காததால் வீட்டில் சண்டை வருகிறது. அந்தச் சண்டையில் பெரும்பாலும் வயதில் இளையவர்தான் விட்டுக்கொடுக்கிறார்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை மூன்று பாடவேளைகளில் நடத்தினேன். கணினி ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் இதை நடத்த முடியும். கணக்கு வரும் பகுதியை ஏழாம் வகுப்பிலிருந்தே எடுத்துச் செல்லலாம்.

கற்றல் விளைவுகள்

1. ஒரு கணினி தன் இணைய இணைப்பை மற்றக் கருவிகளுக்கு எப்படிப் பகிர்கிறது என்பதை மாணவர் விளக்குவார்.
2. விண்டோஸ் கணினியில் பகிர்வை அமைத்து, அது செயல்படுகிறதா என்று சோதிப்பார்.
3. பகிர்ந்த இணைப்பின் வேகத்தையும் டேட்டா செலவையும் எதிர் விகிதத்தின் மூலம் கணக்கிடுவார்.
4. வீட்டில் இணைப்பைப் பாதுகாப்பாகவும் நியாயமாகவும் பயன்படுத்தத் திட்டமிடுவார்.

தேவையானவை

ஒரு மடிக்கணினி, இணைய வசதியுள்ள ஒரு கைபேசி, அதற்கான யுஎஸ்பி கேபிள், இன்னொரு கணினி அல்லது கைபேசி, துண்டுச் சீட்டுகள், ஒரு குறிப்பேடு. உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் உள்ள வலையமைப்பு அமைப்புகளை நாமாக மாற்றக் கூடாது. எனவே செய்முறைக்கு நம் சொந்த மடிக்கணினியையே பயன்படுத்துவது நல்லது.

அடிப்படைக் கருத்து

இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முகவரி உண்டு. அதை ஐபி முகவரி என்கிறோம். பரவலாகப் பயன்படும் நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் நீளமுடையது. அப்படியானால் மொத்தம் எத்தனை முகவரிகள் இருக்க முடியும்? இரண்டின் அடுக்கு 32. அதாவது 429,49,67,296. ஏறத்தாழ 430 கோடி. உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்ட நிலையில், ஆளுக்கு ஒரு முகவரிகூடக் கொடுக்க முடியாது. அடுக்குக்குறி விதிகளைப் படித்த மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால் அவர்களே இந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதற்குக் கண்ட தீர்வுகளில் ஒன்றுதான் பகிர்வு. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தச் சில முகவரிகள் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவ்வகையைச் சேர்ந்தவை. 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இந்த ஒதுக்கீட்டை வரையறுத்தது. இந்த முகவரிகள் வெளியே செல்லாது. ஆகவே என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் இல்லை. எந்தப் பள்ளியிலும் 7-ஆம் வகுப்பில் வரிசை எண் 12 உள்ள ஒரு மாணவர் இருப்பதைப் போன்றதுதான் இது.

வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் வெளியுலகில் முகம் ஒன்றே. அந்த முகமாக நிற்கும் கருவியை நான் வகுப்பில் ‘வாசல்’ என்று அழைத்தேன். இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் ரவுட்டர் செய்கிறது. ஒரு சாதாரணக் கணினியும் இதைச் செய்யும். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. ரவுட்டர் மூடிய பெட்டி என்பதால் உள்ளே நடப்பது மாணவர்களுக்குத் தெரியாது. கணினியை வாசலாக வைத்தால் ஒவ்வொரு படியையும் திரையில் காட்டலாம். இந்தப் பாடத்துக்குக் கணினியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

செயல்பாடு 1: சீட்டு விளையாட்டு (ஒரு பாடவேளை)

இதற்குக் கணினி தேவையில்லை. நான்கு மாணவர்கள் வீட்டுக் கருவிகள். ஒருவர் வாசல். இன்னொருவர் வகுப்பின் மறுமுனையில் நிற்கும் இணையதளம். வாசல் மாணவருக்கு 192.168.137.1 என்றும் மற்ற நால்வருக்கும் 2, 3, 4, 5 என முடியும் எண்களும் எழுதிய அட்டைகளைக் கொடுங்கள்.

படி 1: கருவி மாணவர் ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதி, தன் எண்ணையும் குறித்து வாசலிடம் தருகிறார்.

படி 2: வாசல் அந்த எண்ணை அடித்துவிட்டுத் தன் வெளி முகவரியையும் ஒரு டோக்கன் எண்ணையும் எழுதுகிறார். குறிப்பேட்டில் “டோக்கன் 5001 – கருவி 3” என்று பதிவு செய்கிறார்.

படி 3: இணையதள மாணவர் விடையை எழுதி, டோக்கன் எண்ணோடு வாசலுக்கே திருப்பி அனுப்புகிறார்.

படி 4: வாசல் குறிப்பேட்டைப் பார்த்து, விடையை உரிய கருவியிடம் சேர்க்கிறார்.

இரண்டு மூன்று சுற்று ஓடியதும் விளையாட்டை நிறுத்தி இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

குறிப்பேட்டைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? விடை வரும், ஆனால் யாருக்கு என்று தெரியாது. வாசல் மாணவர் வகுப்பை விட்டு வெளியே போய்விட்டால்? நால்வருக்குமே இணைப்பு இல்லை. கேட்காமலே வெளியிலிருந்து ஒரு சீட்டு வந்தால்? குறிப்பேட்டில் அதற்குப் பதிவு இல்லை. வாசல் அதைக் கிழித்துப் போட்டுவிடும். கேள்வி கேட்டது யார் என்று இணையதளத்துக்குத் தெரியுமா? தெரியாது. அது பார்ப்பது வாசலின் முகவரியை மட்டுமே.

இந்தக் கடைசி விடையைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். பாதுகாப்பைப் பேசும்போது அது தேவைப்படும்.

விளையாட்டு முடிந்த பிறகு பெயர்களைச் சொன்னால் போதும். குறிப்பேட்டைப் பார்த்து முகவரியை மாற்றும் வேலைக்கு நாட் என்று பெயர். டோக்கன் எண்ணுக்குப் போர்ட் எண் என்று பெயர். அது 16 பிட் எண். 0 முதல் 65,535 வரை வரும். கருவிகளுக்கு அட்டைகளைத் தானாகவே வழங்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். செயலை முதலில் செய்துவிட்டதால் பெயர்கள் மாணவர்களுக்குச் சுமையாகத் தோன்றவில்லை.

செயல்பாடு 2: செய்து பார்த்தல் (ஒரு பாடவேளை)

கைபேசியை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் வசதியை இயக்குங்கள். இப்போது மடிக்கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். அதிலிருந்து மற்றக் கருவிகளுக்குப் பகிர இரண்டு வழிகள் உள்ளன.

வைஃபை வழி: விண்டோஸ் 10 அல்லது 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற வரிசையில் செல்லுங்கள். எந்த இணைப்பைப் பகிர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு இயக்குங்கள். இதில் அதிகபட்சம் 8 கருவிகள் சேரலாம்.

கேபிள் வழி: வைஃபை இல்லாத மேசைக் கணினிக்கு இது பயன்படும். இரு கணினிகளையும் ஒரு நெட்வொர்க் கேபிளால் இணையுங்கள். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரைத் திறந்து, சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் என்பதைச் சொடுக்குங்கள். இணையம் வரும் இணைப்பின் மீது வலது சொடுக்கு செய்து ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் என்று சென்று, மற்றவர்களை இந்தக் கணினி வழியே இணைய அனுமதிக்கும் முதல் கட்டத்தில் டிக் செய்யுங்கள். பட்டியலில் கேபிள் செல்லும் இணைப்பைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இரண்டுக்கு மேற்பட்ட கணினிகள் இருந்தால் நடுவில் ஒரு சிறிய ஸ்விட்ச் வேண்டும்.

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் வலையமைப்பு அமைப்பில் ஐபி நான்காம் பதிப்புக்கான பகுதியில் ‘மற்றக் கணினிகளுடன் பகிர்’ என்ற தேர்வைப் பார்க்கலாம்.

இனி சோதனை. இணைந்த விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். 192.168.137 என்று தொடங்கும் முகவரி தெரியும். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் 192.168.137.1 இருக்கும். நேற்று அட்டையில் கண்ட எண்ணைத் திரையில் பார்த்ததும் வகுப்பே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது.

இணைப்பு வராவிட்டால்

முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு வாசலிலிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். கேபிளையும் பகிர்வு டிக்கையும் பாருங்கள். முகவரி சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால், முதலில் வாசல் கணினியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். சில கணினிகளில் மறுதொடக்கத்துக்குப் பின் பகிர்வு நின்றுவிடும். டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால் சரியாகும். வாசல் கணினி உறக்கநிலைக்குப் போனாலும் எல்லாருக்கும் இணைப்பு அறுந்துவிடும்.

செயல்பாடு 3: பங்குக் கணக்கு (ஒரு பாடவேளை)

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இங்குதான் இருக்கிறது. முதல் நாளே ஒரு மாணவி சொன்னாள்: “எங்க வீட்ல அண்ணன் வீடியோ பார்த்தா எனக்குச் சுத்திக்கிட்டே இருக்கு சார். அப்பாகிட்ட சொன்னா, ரீசார்ஜ் பண்ணியாச்சுல்ல, ரெண்டு பேரும் பாருங்கன்னு சொல்றாரு.” பலர் தலையாட்டினார்கள். பகிர்ந்தால் எல்லாருக்கும் முழு இணைப்பும் கிடைக்கும் என்றே பெரியவர்களும் நினைக்கிறார்கள். ஒரு குடம் தண்ணீரை நான்கு செம்பில் ஊற்றினாலும் அது ஒரு குடம்தான் என்பதைக் கணக்கால் காட்ட வேண்டும்.

இணைப்பின் வேகம் நொடிக்கு 16 மெகாபிட் என்று கொள்வோம். 8 பிட் ஒரு பைட். எனவே நொடிக்கு 2 மெகாபைட். ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் 16 மெகாபிட்டும் அவருக்கே. ஒரே நேரத்தில் இருவர் பயன்படுத்தினால் சராசரியாக ஆளுக்கு 8, நால்வர் என்றால் 4, எட்டுப் பேர் என்றால் 2. ஆட்களின் எண்ணிக்கையையும் பங்கையும் பெருக்கினால் எப்போதும் 16. ஏழாம் வகுப்பில் படிக்கும் எதிர் விகிதம் இதுதான்.

இப்போது 120 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் காணொலி நால்வருக்கும் வேண்டும் என்று கொள்வோம்.

முறை அ: நால்வரும் தனித்தனியே ஒரே நேரத்தில் பதிவிறக்குகிறார்கள். ஆளுக்கு நொடிக்கு அரை மெகாபைட். ஆகும் நேரம் 240 நொடி, அதாவது 4 நிமிடம். டேட்டா செலவு 480 மெகாபைட்.

முறை ஆ: ஒருவர் மட்டும் பதிவிறக்குகிறார். ஆகும் நேரம் 60 நொடி. செலவு 120 மெகாபைட். பிறகு மற்ற மூவருக்கும் பென்டிரைவ், குவிக் ஷேர் அல்லது பகிர்ந்த கோப்புறை வழியே கொடுக்கிறார். வீட்டுக்குள் செல்லும் கோப்புக்கு டேட்டா செலவில்லை. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள கேபிளில் ஒரு பிரதி செல்லப் பத்து நொடி அளவே ஆகும்.

நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் திட்டத்தில், முறை அ வழியே மூன்று காணொலிகள் பார்த்தால் அன்றைய டேட்டா ஏறக்குறைய முடிந்துவிடும். முறை ஆ வழியே பன்னிரண்டு காணொலிகள் பார்க்கலாம். பகிர வேண்டியது எப்போதும் இணைப்பைத்தான் என்றில்லை. பல நேரங்களில் கோப்பைப் பகிர்ந்தாலே போதும். இந்த ஒரு கருத்து மாணவர் வீட்டுக்குச் சென்றுவிட்டால் பாடம் வெற்றி என்பேன்.

வகுப்பறையில் நமக்கும் இதே கணக்கு பொருந்தும். நம் சொந்தக் கைபேசியின் டேட்டாவைக் கொண்டு பாடம் நடத்தும் நாட்களில், காணொலியை முன்கூட்டியே ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்வது நம் செலவையும் குறைக்கும். மடிக்கணினியில் அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று குறித்துவிட்டால், விண்டோஸ் புதுப்பிப்புகள் பின்னணியில் டேட்டாவைத் தின்பது பெருமளவு குறையும்.

வீட்டுப்பாடமாக, ஒவ்வொருவரும் தம் வீட்டில் யார் எந்த நேரத்தில் எதற்கு இணையம் பயன்படுத்துகிறார்கள் என்று அட்டவணை எழுதி, அதை மாற்றியமைத்து வரச் சொன்னேன். முன்பு சொன்ன மாணவி, அண்ணனின் நேரலை வகுப்பு மாலை 7 முதல் 8 வரை, தான் காணொலி இறக்குவது காலை 6 மணிக்கு என்று எழுதி, அப்பாவிடம் கையொப்பமும் வாங்கி வந்தாள். கணக்கைக் காட்டித்தான் அவரை ஒப்புக்கொள்ள வைத்ததாகச் சொன்னாள்.

பாதுகாப்பு

கரும்பலகையில் எழுதிய விடைக்கு இப்போது திரும்புவோம். வெளியே தெரிவது வாசலின் முகவரி மட்டுமே. ஆகவே உங்கள் இணைப்பில் சேர்ந்தவர் எதைச் செய்தாலும் அது உங்கள் இணைப்பிலிருந்து சென்றதாகவே பதிவாகும். இதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்துகள் இருக்கட்டும். பெயரோ பிறந்த தேதியோ வேண்டாம். தெரியாதவருக்குத் தர வேண்டாம். எத்தனை கருவிகள் சேர்ந்துள்ளன என்பது ஹாட்ஸ்பாட் திரையில் தெரியும். அதை அவ்வப்போது பார்க்கப் பழக்குங்கள். வேலை முடிந்ததும் பகிர்வை நிறுத்துங்கள். கேட்காமல் வரும் சீட்டை வாசல் தடுத்தாலும், நாமே கேட்டு வாங்கும் தீய கோப்பை அது தடுக்காது. எனவே வாசல் இருக்கிறது என்று எதையும் சொடுக்கிவிடக் கூடாது.

மதிப்பீடு

1. வாசல் கணினியை அணைத்தால் மற்றக் கருவிகளில் இணையம் நிற்பது ஏன்?
2. இரு வேறு வீடுகளில் 192.168.137.2 என்ற ஒரே முகவரி இருப்பது எப்படிச் சாத்தியம்?
3. நொடிக்கு 24 மெகாபிட் இணைப்பை 6 பேர் பகிர்ந்தால், ஒருவர் 90 மெகாபைட் கோப்பை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? (விடை: 180 நொடி)
4. ஒரு கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. முதலில் எதைச் சோதிப்பாய்?

மூன்றாம் கேள்விக்கு 22.5 என்ற விடை வந்தால், அந்த மாணவர் பிட்டையும் பைட்டையும் ஒன்றாகக் கொண்டிருக்கிறார். 30 என்று வந்தால் பகிர்வைக் கணக்கில் சேர்க்கவில்லை. எந்த இடத்தில் மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பதை விடையே காட்டிவிடும்.

மேல்நிலை வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் நடத்தும் ஆசிரியர்கள் வலையமைப்புப் பாடத்துக்கு முன்னோட்டமாகச் சீட்டு விளையாட்டைப் பயன்படுத்தலாம். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் மூன்றாம் செயல்பாட்டை மட்டும் எதிர் விகிதத்தோடு சேர்த்து நடத்தலாம். எண்களை மட்டும் உங்கள் மாணவர்களின் வீடுகளில் உள்ள உண்மையான டேட்டா திட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.