துளை சின்னது... களைப்பு?

‘‘நாலு துளைதானே போட்டாங்க, இன்னும் என்ன படுக்கை?’’

லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பெண்களின் காதில் அடிக்கடி விழும் வார்த்தை இது. ராயகிரியிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போய் பித்தப்பையை எடுத்துக்கொண்டு, இரண்டாம் நாளே ஊர் திரும்பினால், அக்கம்பக்கத்தாருக்கு அது ஆபரேஷனாகவே தோன்றாது. நோயாளிக்கோ எழுந்து நடந்தாலே அசதி.

1985-ல் ஜெர்மனியில் டாக்டர் எரிச் முயே இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா இந்தியாவில் தொடங்கி வைத்தார்.

என்ன வித்தியாசம்?

வயிற்றைத் திறந்து செய்யும்போது தோலும் தசையும் நீளமாக வெட்டப்படுகின்றன. இருமினாலும் வலி. அதனால் படுக்கை நீள்கிறது, தசை மெலிகிறது, களைப்பு கூடுகிறது. பித்தப்பை ஆபரேஷன் என்றால் பழைய நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகலாம். துளை வழியே செய்தால் பெரும்பாலோர் சுமார் 2 வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம்.

பின் ஏன் அசதி?

வெளிக்காயம்தான் சின்னது. உள்ளே எடுத்த உறுப்பு அதேதான்! மயக்க மருந்து, கெட்டுப்போன தூக்கம், குறைந்த சாப்பாடு, காயத்தை ஆற்ற உடம்பு செலவிடும் சக்தி எல்லாம் சேர்ந்து அசதியைத் தருகின்றன. ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் கேட்கவே வேண்டாம். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு உள்தையல் ஆற இன்னும் பல வாரம் பிடிக்கும்.

தோள்பட்டை வலிக்கிறதா? பயப்படாதீர்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் வேலை அது. ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

செய்ய வேண்டியது

* வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். நாள் முழுக்கப் படுத்தால் அசதிதான் கூடும்.

* ‘முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்’ என்பது தவறு. காயம் ஆற புரதம் தேவை. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் சாப்பிடலாம். பித்தப்பை எடுத்தவர்கள் எண்ணெய்ப் பண்டங்களைச் சில வாரம் குறையுங்கள்.

* 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோ! டாக்டர் சொல்லும்வரை தூக்காதீர்கள், குடலிறக்கம் வரலாம்.

* சீசன் வந்துவிட்டதே என்று குற்றால அருவிக்கு ஓடாதீர்கள். காயம் நன்றாக ஆறட்டும்.

உடனே டாக்டரிடம் போங்கள்

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மஞ்சள் காமாலை, சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். வாரத்துக்கு வாரம் குறைகிற அசதி இயல்பானது. கூடுகிற அசதிக்குக் காரணம் தேட வேண்டும்.

கணவன்மார்களே, மாமியார்களே! துளையின் அளவைப் பார்த்து லீவைக் குறைக்காதீர்கள். இரண்டு வாரம் அடுப்படியையும் தண்ணீர்க் குடத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தைவிட அது சீக்கிரம் தெம்பு தரும்.