மெயின்டனன்ஸ் கட்டுறீங்க, கணக்கு பார்த்தீங்களா?

அடையாறுல 24 வீடு இருக்கிற அபார்ட்மென்ட்னு வெச்சுக்கோங்க. வீட்டுக்கு மாசம் 4,500 ரூபாய்னா வருஷத்துக்கு 12,96,000 ரூபாய். எங்கே செலவாச்சுன்னு கேட்டா, "குரூப்ல போட்டோமே"ன்னு ஒரு வரி பதில் வரும்.

நம்ம ஊர்ல பல அசோசியேஷன்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானவை. உங்களுடையதும் அப்படின்னா, அதன் உறுப்பினரா நீங்க கணக்குப் புத்தகத்தையும் கூட்ட மினிட்ஸையும் பார்க்கக் கேட்கலாம். (வாடகைக்கு இருந்தா, ஓனர் மூலமாத்தான்.) வாயால கேட்காதீங்க. எந்த வருஷம், எந்தச் செலவுன்னு எழுதி செயலாளர்கிட்ட கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்குங்க. லிஃப்ட் ரிப்பேர், பெயின்டிங் மாதிரி பெரிய செலவுக்கு பில்லோட கொட்டேஷனையும் கேளுங்க. வண்டவாளம் அங்கேதான் இருக்கும்.

தரலைன்னா? அசோசியேஷனுக்கே நேரா ஆர்டிஐ போட்டா பெரும்பாலும் எடுபடாது. சட்டப்படி பதிவானதாலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆர்டிஐக்குள்ள வந்துடாதுன்னு 2013-லேயே உச்ச நீதிமன்றம் தலப்பலம் வழக்குல சொல்லிடுச்சு. ஆனா பதிவான சங்கம் வருஷா வருஷம் மாவட்டப் பதிவாளர்கிட்ட கணக்கு தாக்கல் பண்ணணும். அங்கே கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். தாக்கலே பண்ணலைன்னா, அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது பிரிவு 36. மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள் மனு கொடுத்தா பதிவாளர் விசாரிக்கலாம். 24 உறுப்பினர்னா எட்டுக் கையெழுத்து. ஓனர்கள் பாதிப் பேர் அமெரிக்காவுல இருந்தா, இப்பவே மெயில் போட ஆரம்பிங்க.