முதலில் கதவை எண்ணுங்கள்

தாய்லாந்தில் பிக்கப் வாங்கப் போகிறவர் கம்பெனியைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் கதவை எண்ண வேண்டும். இரண்டு கதவா, சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நீட்டிய கேபினா, நான்கு கதவா? இது தெளிந்தால் வரி, தவணை, சுமை எல்லாம் பாதி முடிவான மாதிரிதான்.

அந்த ஊரில் பிக்கப் இப்படி ஓடுவதற்கு வயலும் சரக்கும் மட்டும் காரணமில்லை. அரசின் வரிப் பட்டியலுக்கும் பெரிய பங்கு உண்டு. நடுத்தர பெட்ரோல் காருக்குக் கலால் வரி பல ஆண்டுகளாக 30 சதவீதத்தை ஒட்டி இருந்தபோது, இரண்டு கதவு பிக்கப்புக்கு அது ஒற்றை இலக்கத்தில் இருந்தது. நான்கு கதவுக்கும் பத்தைச் சற்றே தாண்டியது. போதாததற்கு டொயோட்டா, இசுசு, மிட்சுபிஷி, ஃபோர்டு எல்லாம் அங்கேயே தயாரிக்கின்றன. சின்ன ஊர் மெக்கானிக்கிடம்கூட ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும்.

சரக்குதான் பிழைப்பு என்றால் இரண்டு கதவு வண்டியை எடுங்கள். தொட்டி சுமார் 2.3 மீட்டர் நீளம், ஒரு டன் தாங்கும். நடமாடும் மளிகைக் கடைக்காரர்கள் இதில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொட்டியைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டி, கொக்கிக்கு ஒன்றாகப் பொட்டலங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள்: மிளகாய், கத்தரிக்காய், புளி, கருவாடு. நடுவில் ஐஸ் பெட்டியில் மீன். ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு சந்து சந்தாக வருவார்கள். 2023 நவம்பரில் 4,59,000 பாட் விலையில் தொடங்கி வந்த டொயோட்டாவின் ஹைலக்ஸ் சாம்ப் இவர்களைக் குறிவைத்த வண்டி. கூண்டோ கடையோ பூட்டிக்கொள்ள வசதியாக போல்ட் துளைகளோடு தட்டைத் தளம் வருகிறது.

நீட்டிய கேபினை டொயோட்டா ஸ்மார்ட் கேப் என்கிறது, இசுசு ஸ்பேஸ்கேப், ஃபோர்டு ஓப்பன் கேப். தொட்டி 1.8 மீட்டருக்குக் குறுகும். பதிலுக்கு மழை படாமல் மூட்டை வைக்க இடம் கிடைக்கும். ஆட்கள் உட்கார அது சரியான இடமில்லை, ஆனாலும் உட்காருகிறார்கள். 2017 சொங்கிரான் புத்தாண்டு விடுமுறைக்கு முன் கேபின் பின்புறத்திலும் தொட்டியிலும் யாரும் உட்காரக் கூடாது என்று போலீஸ் அறிவித்தபோது நாடே கொந்தளித்தது. அரசு இறங்கி வந்தது. தனி ஆளாக வியாபாரம் செய்பவருக்கு என் ஓட்டு இந்த நீட்டிய கேபினுக்குத்தான்.

பிள்ளைகள் இருந்தால் நான்கு கதவு. தொட்டி 1.5 மீட்டர்தான். இன்னொரு செலவும் சேரும். இரண்டு கதவு வண்டி பச்சை எழுத்து நம்பர் பலகையோடு எடைக்கு ஏற்ப ஆண்டு வரி கட்டும். நான்கு கதவு கறுப்பு எழுத்துக்கு மாறி காரைப் போல எஞ்சின் அளவுக்குக் கட்டும். 2.4 லிட்டர் என்றால் புது வண்டிக்கு ஆண்டுக்கு 4,000 பாட் தாண்டும்.

அடுத்தது உயரம். டொயோட்டா பிரீரன்னர், இசுசு ஹைலேண்டர் போன்றவை உயர்த்திய இருசக்கர இயக்க வண்டிகள். 2011 வெள்ளத்தில் பாங்காக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த உயரத்தின் அருமை தெரியும். நான்கு சக்கர இயக்கம் நான், சியாங்ராய் மாகாணங்களின் மலைப்பக்கம் இருப்பவர்களுக்குத் தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தை முன்பணத்தில் சேர்க்கலாம்.

இனி கம்பெனி. டொயோட்டா ஹைலக்ஸும் இசுசு டி-மேக்ஸும்தான் முதலிடத்துக்குப் போட்டியிடும் வண்டிகள். மறுவிற்பனையும் இவற்றுக்குத்தான் சுலபம். டீசல் சிக்கனம் வேண்டுமானால் டி-மேக்ஸ். சொகுசும் வேகமும் முக்கியம் என்றால் ஃபோர்டு ரேஞ்சர். எதுவானாலும் பின்னால் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங்தான். வெறும் தொட்டியோடு போனால் தூக்கிப் போடும், சுமை ஏறினால் அடங்கிவிடும்.

இப்போது பெரிய சிக்கல் கடன். குடும்பங்களின் கடன்சுமை ஏறியதால் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கையை இறுக்கிவிட்டன. 2024இல் நாட்டின் மொத்த வாகன விற்பனையே ஆறு லட்சத்துக்குக் கீழே போனது. தவணை கட்டாததால் பறிமுதலான பிக்கப்புகள் ஏலத்துக்கு வருகின்றன. அங்கே போனால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் தகடு செருகியிருந்தால், தொட்டி விளிம்பில் கூண்டு பூட்டிய போல்ட் தடம் இருந்தால், அது கோஸ் மூட்டையும் மரவள்ளியும் அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.