ஜெலட்டின்: தோலும் எலும்பும் தரும் பசை

ஜெலட்டின் என்றவுடன் உழவர் பெருமக்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, கிணறு வெட்டும்போது பாறையைப் பிளக்க வைக்கும் வெடிக்குச்சிதான். ஆல்பிரட் நோபல் 1875-இல் நைட்ரோகிளிசரினை மற்றொரு இரசாயனப் பொருளுடன் சேர்த்துக் கூழாக இறுகச் செய்தார். அந்தக் கூழ்த் தன்மையைக் கொண்டே அதற்கு அப்பெயர் வந்தது. மருந்துக் கடையில் வாங்கும் கேப்சூலின் உறையாக இருக்கும் ஜெலட்டின் வேறு. அது கால்நடைகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம். இக்கட்டுரை அதைப் பற்றியதே.

இதனை நாம் அனைவரும் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். ஆட்டுக்கால் சூப்பை இரவு வைத்துவிட்டு மார்கழிக் குளிரில் காலையில் பார்த்தால், அது இளநீர் வழுக்கையைப் போல் உறைந்து நிற்கும். அடுப்பில் வைத்தால் மீண்டும் தண்ணீராகிவிடும். இவ்வாறு உறைந்து நிற்பது ஜெலட்டின்தான். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றில் கொலாஜன் என்ற புரதம் உள்ளது. மூன்று இழைகளை முறுக்கிய வடக்கயிறு போன்ற அமைப்பு அதற்கு. நீரில் நெடுநேரம் கொதிக்கும்போது முறுக்கு அவிழ்ந்து இழைகள் நீரில் கரைகின்றன. ஆறும்போது அவை அங்கங்கே மீண்டும் முறுக்கிக்கொண்டு, இடையில் நீரைச் சிறைப்பிடித்துவிடுகின்றன. சுமார் 35 டிகிரி வெப்பத்திலேயே இது இளகிவிடும். ஆகவே நம் சித்திரை வெயிலில் குளிர்பெட்டி இல்லாமல் உறையாது.

தச்சர்கள் முற்காலத்தில் காய்ச்சிப் பயன்படுத்திய வச்சிரப் பசையும், தீக்குச்சி மருந்தைப் பிடித்து நிறுத்தும் பசையும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் அவை தூய்மை குறைந்தவை.

ஆலையில் இதனை எடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எலும்பை நொறுக்கிக் கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பல நாள் ஊற வைப்பார்கள். எலும்பிலுள்ள சுண்ணாம்பும் மணிச்சத்தும் அமிலத்தில் கரைந்துவிட, வளையும் தன்மையுள்ள சக்கை மிஞ்சும். இதற்கு ஓசின் என்று பெயர். ஓசினைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் பதப்படுத்திக் கழுவி, வெந்நீரில் படிப்படியாகச் சாறு இறக்கி, வடிகட்டி உலர்த்தினால் ஜெலட்டின் கிடைக்கும். அமிலத்தில் கரைந்த பகுதியும் வீணாவதில்லை. அதில் சுண்ணாம்பு சேர்த்தால் டைகால்சியம் பாஸ்பேட் படியும். கோழித் தீவனத்தில் மணிச்சத்துக்காகச் சேர்க்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. கேரளத்தில் கொரட்டி அருகே ஓசினும் கொச்சியில் ஜெலட்டினும் தயாராகின்றன. தோலிலிருந்து எடுப்பதானால், பதனிடுவதற்கு முன் கழித்த துண்டுகளையே கொள்ள வேண்டும். குரோமியம் இட்டுப் பதனிட்ட தோல் கழிவிலிருந்து எடுத்தது உடலுக்குக் கேடு. சீனாவில் 2012-இல் அத்தகைய மட்டரக ஜெலட்டினில் செய்த கேப்சூல்கள் பிடிபட்டுப் பெரும் பரபரப்பாயிற்று.

புகைப்படச் சுருளில் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருந்ததும் ஜெலட்டின்தான். இனிப்பு மிட்டாய்களிலும் இது சேர்கிறது. சைவ உணவினர் பொட்டலத்தில் பழுப்பு நிறக் குறி உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் அவர்களுக்கு மாற்றாகும். அது நம் கோடை வெப்பத்திலும் இளகாது. கொய்யா ஜெல்லி செய்யும் மகளிர் சிலர் ஜெலட்டின் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். கொய்யாவில் இயற்கையாகவே பெக்டின் உள்ளது. அதுவே போதும். பச்சைப் பப்பாளி, அன்னாசிச் சாறுகளில் ஜெலட்டினைப் போட்டால் உறையவே உறையாது. அவற்றிலுள்ள நொதிகள் புரதத்தை அறுத்துவிடும். ஜெலட்டினைச் சத்து மாவு என்று விற்பவர்களை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. அதே காசுக்குப் பயறு வாங்கினால் பிள்ளைகளுக்குப் பயன்.

தோலுக்கும் எலும்புக்கும் இவ்வாறு விலை இருப்பதால், மாடோ ஆடோ இறந்தவுடன் உரித்து விற்க ஆசை எழும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. நேற்று வரை நன்றாக மேய்ந்த கால்நடை திடீரென்று செத்து, வயிறு உப்பி, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதனை உரிக்கவோ அறுக்கவோ கூடாது. இறைச்சியைப் பங்கு போடவும் கூடாது. உடலைத் திறந்தால் கிருமிகள் காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். உரித்தவர் கையில் முதலில் கொப்புளமும் பிறகு நடுவில் கறுத்த புண்ணும் தோன்றும். அவ்வாறு தோன்றினால் உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, செத்த மாட்டைத் தொட்ட செய்தியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலத்தில் மருந்து எடுத்தால் குணமாகும்.

இப்படி ஒரு சாவு நேர்ந்தால் நாய், காகம் அண்டாமல் காவல் வைத்து, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் மேற்பார்வையில் நீர்நிலைக்கு அப்பால் ஆறடிக் குழி வெட்டி, உடலின் மேலும் கீழும் சுட்ட சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். இரத்தம் சிந்திய மேல்மண்ணையும் வாரிக் குழியிலேயே போட வேண்டும். முன்பு இந்நோய் கண்ட ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாகவே, தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.