கேட்டு உண்போம்

புரட்டாசி பிறந்துவிட்டால் கெடா மாநிலத் தோட்டப்புற வீடுகள் பலவற்றில் சமையலறையின் முறையே மாறிவிடும். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். சிலர் மாதம் முழுவதும் சைவம் உண்பர். சிலர் சனிக்கிழமைகளில் மட்டும் விரதம் இருப்பர். தோட்டத்திலேயே வாழ்ந்த தலைமுறைக்கு இது பெரிய சிரமமாக இருந்ததில்லை. சமைப்பவர் அம்மா; உண்பவர் வீட்டார். அடுத்த வீட்டிலும் பெரும்பாலும் இதே சமையல்தான். “இதில் என்ன கலந்திருக்கிறது?” என்று கேட்கும் தேவையே எழவில்லை.

இன்று நிலைமை வேறு. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டன. படிப்புக்காகவும் வேலைக்காகவும் நாம் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற பட்டணங்களுக்குச் செல்கிறோம். அங்கே மலாய், சீனம், தாய்லாந்து, ஜப்பான், கொரியா எனப் பல நாட்டு, பல இன உணவுகள் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுள் சைவ உணவை எப்படிக் கண்டறிவது?

பீடோங் அருகே ஒரு தோட்டத்தில் பாட்டியுடன் வாழும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். புரட்டாசியின் முதல் சனிக்கிழமையன்று, குழுப்பணிக்காகத் தோழிகளோடு சுங்கை பட்டாணிக்குச் செல்கிறாள். மதிய உணவுக்குக் கங்கோங் கீரைப் பிரட்டலும் சோறும் வாங்குகிறாள். கீரைதானே என்ற நம்பிக்கை. பாதி உண்ட பிறகுதான், “இந்தக் கடையின் பெலாச்சான் மணமே தனி!” என்று ஒரு தோழி பாராட்டுகிறாள். அதன்பின் அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் வெறும் ரொட்டியும் சோயாப்பாலும் வாங்கி, தனியே ஓரத்தில் அமர்ந்துவிடுகிறாள். தங்கள் உணவை அவள் வெறுக்கிறாளோ என்று தோழிகள் வருந்துகிறார்கள். விரதத்தைக் காக்க நினைத்தவள் நட்பை இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் பாட்டியிடம் சொல்லி அழுகிறாள். “தெரியாமல் சாப்பிட்டது தப்பில்லை, கண்ணு. கேட்காமல் சாப்பிட்டதுதான் தப்பு. வாய் எதற்கு இருக்கிறது?” என்கிறார் பாட்டி.

பாட்டி சொன்னது சரியே. ஆனால், கேட்பதற்கும் ஓர் அறிவு வேண்டும். “இது சைவமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. இறைச்சித் துண்டு இல்லை என்றால் அது சைவம் என்று கடைக்காரர் எண்ணக்கூடும். அவர் நம்மை ஏமாற்றவில்லை. அவருடைய பொருளும் நம்முடைய பொருளும் வேறு. ஆகையால், பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் பொருள்கள் சில உள்ளன. பெலாச்சான் என்பது சின்னஞ்சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்துச் செய்வது. நாசி லெமாக்கின் சம்பலில் பெலாச்சானோ நெத்திலியோ இருக்கலாம். கெடா லக்சாவின் குழம்பு மீனில் செய்யப்படுவது. பழ ரோஜாக்கின் கறுப்புச் சாற்றில் இறால் விழுது சேர்வதுண்டு. சீனக் கடைக் கீரையில் சிப்பிச் சாறும், குவே தியாவில் பன்றிக் கொழுப்பும் சேரக்கூடும். தோம்யாமில் மீன் சாறு உண்டு. கொரிய நாட்டுக் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். ஜப்பானியச் சாறுகள் பலவற்றுக்கு உலர்ந்த மீனே அடிப்படை. ரொட்டி சானாயுடன் தரும் டால்ச்சாவில்கூட ஆட்டெலும்பு வெந்திருக்கலாம்.

பொட்டல உணவுக்கும் இது பொருந்தும். ஹலால் முத்திரை, அவ்வுணவு இஸ்லாமிய நெறிப்படி அனுமதிக்கப்பட்டது என்பதைக் காட்டும். சைவம் என்பதைக் காட்டாது. மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய் ஹலாலாக இருக்கலாம், சைவமாகாது. ஓர் உணவில் மாட்டிறைச்சியோ, பன்றி இறைச்சியோ, அவற்றிலிருந்து பெற்ற பொருளோ இருந்தால் அதைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்று மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. ஆகவே, சிட்டையைப் படிக்கும் பழக்கம் நமக்குத் துணைசெய்யும். இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவ உணவு.

தேடினால் வழியும் உண்டு. சீனர்களிலும் சைவ உணவினர் பலர். பௌத்தர் சிலர் சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பர். சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள்கள், ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா நடைபெறும். அந்நாள்களில் சைவ உணவு விற்கும் கடைகளில் மஞ்சள் கொடிகளைக் காணலாம். எல்லைக்கு அப்பால் தென் தாய்லாந்திலும் இவ்விழா உண்டு. அங்கு இந்தச் சைவ உணவை ‘ஜே’ என்பர். பல ஆண்டுகளில் நம் நவராத்திரியும் இவ்விழாவும் ஒரே வேளையில் வருகின்றன. 2024ஆம் ஆண்டில் இரண்டும் அக்டோபர் 3ஆம் நாளன்று தொடங்கின. நாம் கொலு வைக்கும் வேளையில், பக்கத்துத் தெருவில் சீன அண்டை வீட்டாரும் நம்மைப் போலவே புலால் தவிர்க்கின்றனர்!

சீனச் சைவக் கடைகளில் சோயாவாலும் கோதுமைப் புரதத்தாலும் செய்த பண்டங்கள் இறைச்சியைப் போலவே தோன்றும். கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவர்களில் பலர் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. எனினும், சில கடைகளில் முட்டை சேர்ப்பதுண்டு. முட்டை உண்ணாதவர்கள் அதையும் கேட்க வேண்டும்.

இப்போது அந்த மாணவியிடம் திரும்புவோம். மூன்றாம் சனிக்கிழமை, கூட்டம் குறைந்திருந்த வேளை பார்த்து அவள் மலாய்க் கடைக்குச் செல்கிறாள். “மக்சிக், சாய தாக் மாக்கான் டாகிங், ஈக்கான், ஊடாங். போலே மாசாக் தான்பா பெலாச்சான்?” என்று பணிவாகக் கேட்கிறாள். இறைச்சி, மீன், இறால் உண்பதில்லை. பெலாச்சான் இல்லாமல் சமைக்க முடியுமா என்பதே அதன் பொருள். “போலே, டிக்” என்று சிரித்துக்கொண்டே மக்சிக் சட்டியைக் கழுவுகிறார். பூண்டும் மிளகாயும் இட்ட கங்கோங், கூடவே தெம்பே பொரியல், சோறு. தட்டு நிறைந்துவிட்டது.

மேசைக்கு வந்தவளிடம் மலாய்த் தோழி சொல்கிறாள்: “முன்பே சொல்லியிருக்கலாமே! நானும் எங்குப் போனாலும் ஹலாலா என்று கேட்டுத்தானே வாங்குகிறேன்?” சீனத் தோழியும், “எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை, நானும் கேட்பேன்” என்கிறாள். அப்போதுதான் அவளுக்கு உண்மை விளங்குகிறது. கேட்டு உண்பது அவளுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. அந்த மேசையில் அமர்ந்திருந்த மூவருக்கும் அது பொது.

நம் உணவு நெறியை மறைத்தால் தனிமைதான் மிஞ்சும். பிறர் உணவை இகழ்ந்தால் பகைதான் மிஞ்சும். தெரிந்துகொண்டு, பணிவோடு கேட்டு உண்டால் விரதமும் நிலைக்கும், நட்பும் நிலைக்கும்.

கருத்துணர் கேள்விகள்

1. தோட்டத்தில் எழாத கேள்வி பட்டணத்தில் எழுவதற்குக் காரணம் என்ன?
2. “இது சைவமா?” என்ற கேள்வி மட்டும் ஏன் போதாது?
3. ஹலால் முத்திரைக்கும் பச்சைப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. உன் வட்டாரத்திலுள்ள ஓர் உணவகத்தில் விற்கப்படும் ஐந்து உணவுகளைப் பட்டியலிட்டு, சைவ உணவினர் ஒவ்வொன்றைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வியை எழுதுக.