கல்லூரி நூலகர்: முதல் மாதமே சந்திக்க வேண்டியவர்

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது நாம் கட்டாயம் பார்த்துவிட்டு வரும் இடங்கள் சில உண்டு. முதல்வர் அறை, கட்டணம் கட்டும் கவுண்டர், பெண்பிள்ளையாக இருந்தால் விடுதி, கல்லூரி பஸ் எந்த வழியாக வருகிறது என்ற விசாரணை. நூலகத்துக்குள் நுழைந்து பார்க்கும் பெற்றோர் மிகக் குறைவு. பார்த்தாலும் "லைப்ரரி பெரிசா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவர் புத்தகத்தில் தேதி முத்திரை குத்துபவர், தாமதமானால் அபராதம் வாங்குபவர் என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு 'புராஜெக்ட்' வரும் பருவத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வருடம் பாடநூலையும் கைடையும் மட்டுமே படித்து வந்த பிள்ளையிடம், "நீயே தலைப்பு எடு, நீயே ஆதாரம் தேடு, எழுதிக் கொண்டு வா" என்கிறார்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லை. அத்தாவும் அம்மாவும் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களாக இருப்பார்கள். கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு டைப்பிங் கடையில் பணம் கொடுத்து, யாரோ எப்போதோ எழுதியதைப் பெயர் மாற்றி பைண்டிங் செய்து கொடுப்பதில் போய் முடிகிறது. பணமும் போகிறது, கற்க வேண்டியதும் போகிறது. பிறகு முதுகலையிலும் ஆய்விலும் அதே பழக்கம் எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆதாரம் தேடும் வித்தையைக் கற்றுக்கொடுப்பதும் கல்லூரி நூலகரின் வேலைதான். அவர் அதை எப்படிச் செய்கிறார் என்று ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

வணிகவியல் படிக்கும் ஒரு மாணவி, ஆம்பூர் - வாணியம்பாடி பக்கத்துத் தோல் தொழிலைத் தலைப்பாக எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூலகரிடம் வந்து, "மேடம், தோல் பற்றி புத்தகம் இருக்கா?" என்று கேட்கிறார். கணினியில் 'தோல்' என்று தட்டினால் தோல் நோய் மருத்துவ நூல்களும் சேர்ந்து வந்து நிற்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே! அனுபவமுள்ள நூலகர் அலமாரியைக் கைகாட்டி அனுப்பிவிட மாட்டார். திருப்பிக் கேட்பார். "எதைப் பற்றிம்மா எழுதப் போறே? பதனிடுற முறையா, ஏற்றுமதியா, தொழிலாளர் கூலியா, பாலாற்றுத் தண்ணீர் பிரச்சினையா?" மாணவி யோசிக்கிறார். அதுவரை அவருக்கே தன் கேள்வி என்னவென்று தெரியாது. நான் பார்த்தவரை ஆய்வின் பாதி வேலை இந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான் நடக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒரு காரணமும் இருக்கிறது. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட பதின்ம வகைப்பாட்டைத்தான் நம் கல்லூரிகள் பலவற்றில் பின்பற்றுகிறார்கள். அதன்படி தோல் பதனிடுதல் 675இல் இருக்கும். ஷூ, பை தயாரிப்பு 685இல். தொழிலாளர் பொருளாதாரம் 331இல். நீர் மாசு 363.7394இல். சுற்றுச்சூழல் சட்டம் 344இல். தமிழ்நாட்டு வரலாறு 954.82இல். தோல் நோய் 616.5இல். ஒரே தலைப்பு அரங்கின் ஐந்து மூலைகளில் சிதறிக் கிடக்கிறது. எண்ணின் பொருள் தெரியாத மாணவி 675 முன்னால் நின்று, "இரண்டே புத்தகம்தான் இருக்கு" என்று திரும்பிவிடுவார்.

அடுத்து ஊர்ப் பெயர். இன்று வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டம். 2019க்கு முன் அவை வேலூர் மாவட்டம். அதற்கு முன் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989க்கு முன் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு. 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று மட்டும் தேடினால் 2019க்கு முந்தைய ஆவணங்களில் பெரும்பகுதி கண்ணில் படாது. ஆங்கிலேயர் காலத்தில் வந்த மாவட்டக் கையேடு வட ஆற்காடு என்ற பெயரில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் தோல் தொழில் பற்றி ஆல்பிரட் சாட்டர்டன் 1904இல் எழுதிய அறிக்கையில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று தேட வேண்டும். தோல் ஆலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று வழங்கிய தீர்ப்பு, வழக்குத் தொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரால் அறியப்படுகிறது. தோல் என்ற சொல் அந்த வழக்கின் பெயரிலேயே கிடையாது. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடுவது, எந்த இடத்தில் மேற்கோள் குறி போடுவது என்று சொல்லிக் கொடுப்பதுதான் தேடல் பயிற்சி. கூகுளில் ஒரு சொல்லைத் தட்டி முதலில் வரும் மூன்றைத் திறப்பதற்குப் பெயர் தேடல் ஆகாது.

பொருள், செயல், இடம், காலம் என்று ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் இந்த முறையை நூலகத் துறைக்கு வகுத்துக் கொடுத்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆள் நடமாட்டமில்லாத நூலகத்தில் உட்கார்ந்திருப்பது பிடிக்காமல் சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப நினைத்தார் என்பது பதிவான செய்தி. லண்டனுக்குப் போய்ப் பயின்று வந்தபின் மனம் மாறியது. அங்கே ஒரு கடையில் சிறுவர்கள் திருகி மாட்டி விளையாடும் மெக்கானோ சாமானைப் பார்த்தபோது, துண்டுகளை இணைத்து எந்தப் பொருளையும் உருவாக்குவது போல, கருத்துகளை இணைத்து எந்தத் தலைப்புக்கும் எண் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்த கோலன் வகைப்பாடு 1933இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1931இல், நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக எழுதியிருந்தார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, ஆட்கள் எடுத்துப் படிப்பதற்கு என்பதும், வருகிறவரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அவற்றின் சாரம். அவர் பிறந்தநாளாகப் பதிவான ஆகஸ்ட் 12தான் தேசிய நூலகர் தினம். செப்டம்பர் 5 எல்லோருக்கும் தெரிகிறது, இது தெரிவதில்லை.

புத்தகத் தொகுப்பைப் பராமரிப்பது நூலகரின் இன்னொரு பெரிய வேலை. கல்லூரி ஒதுக்கும் தொகை எப்போதும் போதாது. ஒரே பாடநூலில் இருபது பிரதி வாங்குவதா, இருபது வெவ்வேறு நூல்கள் வாங்குவதா என்பது ஒவ்வொரு வருடமும் வரும் தலைவலி. எதை நீக்குவது என்பது அதைவிடக் கடினம். ஜி.எஸ்.டி. 1.7.2017 முதல் வந்துவிட்டது. பழைய விற்பனை வரிப் பாடநூல் அலமாரியிலேயே இருந்தால், விவரம் தெரியாத மாணவன் அதை எடுத்துப் படித்துவிட்டுத் தேர்வு எழுதுவான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சட்ட அலமாரி முழுவதையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடவும் முடியாது. பழைய சட்டத்தின்படி நடக்கும் வழக்குகள் இருக்கின்றன, வரலாறு எழுதுபவருக்கும் ஒரு பிரதி வேண்டும். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டை வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய கைடுகளை மூட்டையாகக் கட்டி, "லைப்ரரிக்குக் கொடுக்கிறோம்" என்று கொண்டுபோய் இறக்கும் தாராள மனசு நம்மவர்களிடம் நிறைய. அதில் பெரும்பகுதியை நூலகர் எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறார். கொடுப்பதற்கு முன் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இன்று தொகுப்பின் பெரும்பகுதி அலமாரியில் இல்லை. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம், 'என்-லிஸ்ட்' என்ற திட்டத்தில் கல்லூரிகளுக்கு ஆயிரக்கணக்கான மின்னிதழ்களையும் மின்நூல்களையும் தருகிறது. கல்லூரி அதில் சேர்ந்திருந்தால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நூலகர் மூலமாக மாணவருக்குக் கிடைக்கும். வீட்டிலிருந்தே படிக்கலாம். அதே மையம் நடத்தும் 'ஷோத்கங்கா'வில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் முப்பது பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று வருடத்துக்கு அரசு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். நம் பிள்ளைகள் அதில் ஒரு கட்டுரையைக்கூடத் திறக்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு வருவது வருத்தத்துக்குரியது.

இனி, முன்பு சொன்ன கழுத்தைப் பிடிக்கும் விஷயம். பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதற்கு எதிராக யு.ஜி.சி. 2018இல் ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. முதுகலை, ஆய்வு மாணவர்களின் ஆய்வேடுகளை மென்பொருளில் போட்டு, மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பல இடங்களில் இதைச் செய்து சான்று தருவது நூலகம்தான். ஒப்புமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் திருத்திய ஆய்வேட்டைக்கூடச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகளும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. ஆக, எங்கிருந்து எடுத்தோம் என்று ஒழுங்காகக் குறிப்பிடத் தெரிந்த பிள்ளைக்குப் பயமில்லை. நகை அடகு வைத்து எம்.ஃபில்., பி.எச்.டி. படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. மேற்கோள் காட்டத் தெரியாததால் ஒரு வருடம் போவது அவர்களுக்குச் சின்ன விஷயமா?

இன்னொரு பள்ளம், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள். "மூன்று நாளில் வெளியிடுகிறோம், சான்றிதழும் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் வரும். பெயரில் 'இன்டர்நேஷனல்' இருக்கும். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இருக்கும். அந்த எண் இதழுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். தரத்துக்கு அது சான்று ஆகாது. கட்டுரையை அறிஞர்கள் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்கிறார்களா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, திறந்த அணுக்க இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நூலகர் பார்த்துச் சொல்வார். பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டும், அனுப்பிய பின் கேட்டுப் பயனில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்டால் நொடியில் தருகிறது. அதில் சில, எழுதப்படாத புத்தகங்களாகவே இருக்கின்றன. ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் பெயர் உண்மை, அந்தக் கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை! ஒவ்வொன்றையும் அட்டவணையிலோ டி.ஓ.ஐ. எண்ணை வைத்தோ தேடிப் பிடித்து, கண்ணால் பார்த்த பிறகே எழுதும்படி நூலகர்கள் சொல்கிறார்கள். ஹதீஸ் கலையை ஓரளவு ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று பார்க்காமல் தரம் சொல்லாத மரபு நமக்குப் பழக்கமானது.

இதைப் படிக்கும் பெற்றோரில் சிலருக்கு, இது நல்ல உத்தியோகமாக இருக்கிறதே என்று தோன்றலாம். உண்மைதான், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. எந்தப் பட்டம் முடித்தவரும் பி.லிப்., பிறகு எம்.லிப். படிக்கலாம். கல்லூரி நூலகர் பணிக்கு யு.ஜி.சி. விதிப்படி எம்.லிப்.பில் 55 சதவீதமும் நெட் தேர்ச்சியும் வேண்டும். தொடக்கச் சம்பள நிலை உதவிப் பேராசிரியருக்கு உள்ளதேதான். வேலை எளிதில் கிடைக்கிறது என்று சொல்லமாட்டேன், பணியிடங்கள் குறைவு. கல்லூரிகளைத் தவிர ஆராய்ச்சி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பெரிய பள்ளிகள் ஆகியவற்றிலும் இடம் உண்டு.

இந்தக் கல்வியாண்டில் கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்றே இரண்டு கேள்வி கேளுங்கள். நூலகர் பெயர் என்ன? என்-லிஸ்ட் கடவுச்சொல் வாங்கியாகிவிட்டதா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், கல்லூரி அடையாள அட்டையோடு நாளை மதிய இடைவேளையில் போகச் சொல்லுங்கள். தலைப்பு முடிவாகாவிட்டாலும் போகலாம். கல்லூரியில் கிடைக்காத பழைய தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சென்னையில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு 2023 முதல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. போகும் முன் கல்லூரி நூலகரிடம் ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.